மேற்கு வாசலுக்குக் கடைசி இடம்

அன்று அந்த மாடியறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தக்கலையில் மைக்செட் தொழில் செய்யும் ஷிபு, அறை அவருடையது. தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற கிருஷ்ணமணி. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் ஜெப்சி. குவைத்தில் நர்ஸாக வேலை பார்த்து, விடுமுறைக்கு வந்திருந்த ரெஜிஷா; இவள் என் காலஞ்சென்ற தம்பி ஜெயசிங்கின் ஒரே மகள். ஐந்தாவது ஆள் நான், டைட்டஸ், வயது எழுபத்தாறு. வேறு யாரும் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் படியேறி யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றாமல் பஸ் ஏறிப் போயிருந்தேன். என்னை அவர்கள் அழைக்கவில்லை. போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஒரு ராக் இசைக்குழுவில் பாடினான். ‘லைட்ஹவுஸ் ஃபைவ்’ என்று பெயர். எழுபத்தெட்டில் தொடங்கி, ஐந்து ஆல்பங்கள் காசெட்டாக வெளியிட்டு, தொண்ணூற்றொன்றில் பிரிந்துபோனார்கள். தமிழில் ராக் பாடிய முதல் கூட்டங்களில் ஒன்று என்று இப்போது சொல்லுகிறார்கள். எனக்கு அந்த இசை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அவர்களுக்கு இப்போதும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஜெப்சி இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் நாலாயிரம் பேர் அதைப் பார்க்கிறார்களாம். அந்தப் பக்கத்தில் ஐந்து ஆல்பங்களையும் நல்லதில் இருந்து மோசமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதப்போவதாக அறிவித்து, அதன் முன்வரைவை வெளியிட்டிருந்தாள். அதில் கடைசி இடம் ஐந்தாவது ஆல்பமான ‘மேற்கு வாசலு’க்கு. குறிப்பில் ஒரு வரி: ‘ஜெயசிங் மது அருந்திவிட்டுப் பாடியதாகச் சொல்லப்படுகிறது.’

எங்கள் அப்பா சபை உபதேசியார். வாடகை வீட்டில் இருந்தார், செருப்பில்லாமல் நடந்தார், ஆனால் எங்கள் வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒரு வரியை எடுக்கச் செய்வதற்காகத்தான் போனேன்.

அறையில் ஒரு பக்கம் முழுக்க ஒலிபெருக்கிகள் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் மேசை, மேசையில் மடிக்கணினியும் ஒரு காசெட் டெக்கும். ஜெப்சி தன் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பேச்சைப் பதிவு செய்கிறாளோ என்று எனக்குப் பட்டது. கிருஷ்ணமணி என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையும் எனக்கு அதிகமாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ரெஜிஷா எனக்கு முன்பே அங்கே இருந்தாள். ஜெப்சி வந்த அதே ஆட்டோவில் வந்தாளாம். மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியப்பா, நீங்களும் வாறீங்கன்னு சொல்லவே இல்ல?”

“நீ சொன்னியா?” என்றேன்.

நான் உட்கார்ந்த பிறகும் எந்த ஆல்பம் முதலிடம் என்ற தங்கள் தகராறை அவர்கள் நிறுத்தவில்லை.

“‘மணல் ஆலை’க்கு மேல ஒரு ஆல்பம் இந்த ஜில்லாவுல வரல்ல, இனி வரவும் செய்யாது. எழுதிக்கோ ஜெப்சி” என்றார் ஷிபு.

“நீ அப்பம் பொறந்திருந்தியா டேய்?” கிருஷ்ணமணி சிரித்தார். “‘கலங்கரை’ வந்த அன்னைக்கு வரிசையில நின்னு வாங்குனவன் நான். மொத ஆல்பத்துல ஒரு பசி கெடக்கு. ரெண்டாவதுல எல்லாவனுக்கும் வயிறு ரொம்பிட்டு.”

“பசியெல்லாம் செரி மாமா” என்றார் ஷிபு. “டிரம்ஸ் எங்க? யாரோ பிஸ்கட் டின்ல தட்டுன மாதிரில்லா இருக்கு!”

“டின்னுதான் மக்களே. அவங்க கையில டிரம்ஸ் வாங்க வழி ஏது? ஒரு டின்ன வச்சு ஒம்பது பாட்டு அடிச்சானே, அதச் சொல்லு.”

“அப்பம் உங்க ஓட்டு டின்னுக்கு” என்றாள் ஜெப்சி. “ஷிபு அண்ணனுக்க ஓட்டு அவருக்க பொண்டாட்டிக்கு.”

“அதென்ன?”

“கல்யாணத்துக்கு முன்ன ‘மணல் ஆலை’ய அவங்களுக்குத்தானே காப்பி எடுத்துக் குடுத்தீங்க? ஊருக்கே தெரியும்.”

ஷிபுவின் காது சிவந்தது. ரெஜிஷாகூடச் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. இப்படிச் சிரிக்கவைத்து, என் வாயை அடைத்துவிட்டு, அந்த வரியை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“அஞ்சாவதுக்கு வாங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது.

“அங்கிள்,” ஜெப்சி நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “ராக் பாடுற பெரிய ஆட்கள் எல்லாருக்கும் ஒரு மோசமான ஆல்பம் உண்டு. வெளிநாட்டுல நாப்பது வருஷம் பாடுனவங்களுக்கு மூணு நாலு உண்டு. எது மோசம்னு ரசிகர்கள் அடிச்சுக்குவாங்க. அது அவமரியாதை இல்ல. பிடிக்கப்போய்தான் சண்டை.”

“பாட்டு மோசம்னு எழுது. யாரு வேண்டாம்னா? குடிச்சான்னு எழுத நீ யாரு? பக்கத்துல நின்னு பாத்தியா?”

“‘சொல்லப்படுகிறது’ன்னுதான் எழுதியிருக்கேன்.”

“சொன்னது யாரு?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னு ஒரு ஆளு கெடையாது. பேரச் சொல்லு.”

அவள் கிருஷ்ணமணியைப் பார்த்தாள். கிருஷ்ணமணி ஜன்னலைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. “அண்ணாச்சி, நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல...” என்று தொடங்கினார். “கேட்டா யாருக்கும் தெரியும். நாக்கு குழறுகு. குரலு இழுபடுகு. முந்தின நாலு ஆல்பத்துல அம்பு மாதிரி போற குரலு.”

கனடாவில் இருக்கும் கீபோர்டு வாசித்தவருக்கு எழுதிக் கேட்டதாக ஜெப்சி சொன்னாள். பதிவு நடந்த மூன்று நாளும் யாரும் குடிக்கவில்லை என்று அவர் பதில் போட்டாராம். “கூட்டாளிய விட்டுக் குடுக்க மாட்டாருல்லா” என்றார் ஷிபு. அதாவது, அவர் சொன்னதையும் நம்பவில்லை.

இங்கே நான் ஒன்றை எழுதியாக வேண்டும். முப்பது வருஷமாக வெளியே யார் கேட்டாலும் என் தம்பி குடித்ததில்லை என்றே சொல்லி வந்தேன். உள்ளுக்குள் நானும் நம்பவில்லை. அந்தக் காசெட் வெளிவந்த கிறிஸ்துமஸுக்கு அடுத்த மாதம், குடிக்கிறான் என்ற பேச்சால் ஜெயசிங்கைச் சபைப் பாடகர் குழுவில் இருந்து நீக்கச் சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. நான் அப்போது கமிட்டி உறுப்பினர். முதல் கையெழுத்து என்னுடையது. உபதேசியாரின் மூத்த மகன் தம்பிக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டேன். அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டினான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மாரடைப்பில் போனான்.

“போடுங்க. நானும் கேக்கேன்” என்றேன்.

ஷிபு கணினியில் இருந்த பாட்டைப் போட்டார். இணையத்தில் எல்லோரும் கேட்பது அதைத்தானாம். கிருஷ்ணமணியிடம் இருந்த காசெட்டில் இருந்து எடுத்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். கனத்து, சோர்ந்து, சொல்லுக்குச் சொல் சாய்ந்து விழுந்தது. ஓர் இடத்தில் தள்ளாடியது. என் தம்பியை நான் அந்த நிலையில் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்கக் கேட்க, கையெழுத்துப் போட்ட அந்த நாளில் எனக்கிருந்த அதே வெட்கம் திரும்பவும் வந்தது.

பாட்டு முடியும் முன்பே ரெஜிஷா எழுந்துவிட்டாள். துணிப்பையில் இருந்து ஒரு காசெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வெளிநாட்டுக் காசெட். மேலட்டையில் ஜெயசிங்கின் கையெழுத்தில் ‘மே. வா. ஒரிஜினல்’.

“இது அப்பாக்க பெட்டியில இருந்தது. இதைப் போடுங்க அண்ணா.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏட்டி, வீட்டுப் பொருளை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெளிய கொண்டு வந்தியா? இவங்க இதை என்ன செய்வாங்கன்னு தெரியுமா?”

“தெரியும் பெரியப்பா. கேப்பாங்க.”

ஷிபு காசெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் நாடாவை இறுக்கி, டெக்கில் வைத்து அழுத்தினார்.

அம்பு என்று கிருஷ்ணமணி சொன்ன அந்தக் குரல் வந்தது. அதே பாட்டு, அதே சொற்கள். ஆனால் நிமிர்ந்து நின்றுகொண்டு ஓர் ஆள் பாடினான். ஒரு சொல்லும் சாயவில்லை. கிட்டார் அவனுக்கு முன்னே ஓட, அவன் அதைத் துரத்திப் பிடித்தான். ஜெப்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ரெஜிஷா நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதலில் பேசியவர் கிருஷ்ணமணி. சந்தேகம் அவரையும் விடவில்லை. “இது வேற பதிவா இருக்கும். தப்பாப் போச்சுன்னு பொறவு திரும்பப் பாடி வச்சிருப்பாரு.”

அதை நானும் நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அதைப் பாத்துருவோம்” என்றார் ஷிபு. இரண்டையும் கணினியில் ஏற்றி, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தார். திரையில் இரண்டு நீளக் கோடுகள், மலையும் பள்ளமுமாக. ஒரிஜினலின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் இரண்டும் பொருந்தின. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஓசை மேலே இருந்தது. கீழேயும் அதே இடத்தில் இருந்தது. மூச்சு இழுப்பதுகூட ஒன்றாகவே இருந்தது.

“ஒரே பதிவுதான். அஞ்சு சதவீதம் வேகம் கொறவு. சுருதி அரைக் கட்டைக்கிட்ட எறங்கிட்டு. நாக்கு குழறினதுன்னு நாம சொன்னது, இந்தா, இந்த ஆட்டம். மெஷின் பிடிச்சுப் பிடிச்சு விட்டிருக்கு. ஜெயசிங் அண்ணன் குடிக்கல்ல மாமா. மெஷினுதான் குடிச்சிருக்கு.”

“எனக்க வீட்டு செட்டா இருக்குமோ?” கிருஷ்ணமணியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

அவர் கொண்டுவந்திருந்த காசெட்டையும் அதே டெக்கில் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் மெதுவாகவே பாடியது. அப்படியானால் காசெட்டிலேயே கோளாறு. “எல்லாருக்கும் இதே காசெட்டுத்தானே போச்சு?” என்று ஜெப்சி கேட்டாள். “இதைக் காப்பி எடுத்தது யாரு?”

கிருஷ்ணமணி தன் காசெட்டை டெக்கில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். காசெட்டின் பின்பக்கம் மேலாக இருந்தது. நீல மையில் ரப்பர் ஸ்டாம்ப். மங்கியிருந்தாலும் படிக்கலாம்: ‘டைட்டஸ் ரிக்கார்டிங், பஸ் ஸ்டாண்ட் எதிரில், தக்கலை’.

நாலு பேரும் அதைப் படித்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இது முன்கூட்டியே பேசி வைத்துச் செய்ததோ என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பியை விட்டுவிட்டு அண்ணனைப் பிடிக்கிறார்கள், இந்தப் பெண்ணும் அதற்கு உடந்தை என்று நினைத்தேன்.

ஜெப்சிதான் மெல்லச் சொன்னாள்: “அங்கிள், அந்த வரியை இப்பமே எடுத்திடுகேன். ‘காப்பி எடுத்ததில் ஏற்பட்ட கோளாறு’ன்னு மட்டும் போடுகேன். எந்தக் கடைன்னு போட வேண்டாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். அடுத்த பஸ் நாலரைக்கு.

“கேப்பாவளே” என்றார் கிருஷ்ணமணி. “எந்தக் கோளாறு, யாரு சொன்னான்னு கேப்பாவ. நம்மளே கொஞ்ச நேரத்துக்கு முன்ன வரைக்கும் நம்பல்லியே.”

ரெஜிஷா காசெட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: “அப்பா இதை அடிக்கடி போட்டுக் கேப்பாரு. கதவைச் சாத்திட்டுத்தான் கேப்பாரு. ‘மக்களே, இதைப் பெரியப்பாட்ட மட்டும் போட்டுக் காட்டாண்டாம்’னு சொல்லுவாரு. உங்களுக்கு ராக் பிடிக்காதுல்லா, அதுக்காக்கும்னு நினைச்சேன்.”

அதற்காக அல்ல என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரிந்தது. அதைச் சொல்லாமல் அங்கிருந்து எழ என்னால் முடியவில்லை. சொன்னேன். அங்கே சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் காசெட் கம்பெனி அந்த ஆல்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயசிங் ஒரிஜினலை என் ரிக்கார்டிங் கடைக்குக் கொண்டுவந்து, கிறிஸ்துமஸுக்குள் முந்நூறு காப்பி வேண்டும் என்றான். பதிவு முடிந்த கையோடு டிரம்ஸ்காரர் துபாய்க்கும் கீபோர்டுகாரர் கனடாவுக்கும் போய்விட்டார்கள். காப்பி எப்படி வருகிறது என்று கேட்க யாரும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் என் டெக்கில் ஒரிஜினலைச் சுழற்றிப் பாடவைக்கும் பக்கத்து ரப்பர் பெல்ட் அறுந்தது. திருவனந்தபுரத்தில் சொல்லிவைத்த பெல்ட் ஜனவரியில்தான் வரும் என்றார்கள். குலசேகரத்தில் ஒருவர் ரப்பர் பாலை அச்சில் ஊற்றி, மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் வளையம் செய்து கொடுப்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டு ஓட்டினார்கள். நானும் ஒன்று வாங்கிப் போட்டேன். ஓடியது. இரவும் பகலும் ஓடினால் மெஷின் சூடாகும், சூட்டில் பச்சை ரப்பர் நீளும், நீண்டால் வழுக்கி வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியும். ரப்பர் நாட்டில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு காப்பியையும் கேட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஜெயசிங் கடைக்கு வந்தான். “அண்ணா, ஸ்பீடு செரியில்ல” என்றான். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். “வாயில நாத்தத்தோட பாடிட்டு எனக்க மெஷினைக் குறை சொல்ல வந்தியா?” என்று அவர்கள் முன்னிலையில் கேட்டேன். அவன் ஒரிஜினல் காசெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். குடித்தான் என்ற பேச்சு அந்த இரண்டு வாடிக்கையாளர்கள் வழியாகத்தான் ஊருக்குள் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனவரியில் புதுப் பெல்ட் வந்தது. பழைய வளையத்தைக் கழற்றினேன். கையில் தொங்கியது. குப்பையில் போட்டேன். அந்த வளையத்தையும் என் தம்பியின் குரலையும் சேர்த்து நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் கமிட்டியில் கையெழுத்துப் போட்டேன்.

சொல்லி முடித்தபோது ரெஜிஷா அழுதாளா என்று இப்போது ஊரில் கேட்கிறார்கள். அழவில்லை. “அப்பம் அப்பா உங்களைக் காட்டிக் குடுக்காம இருந்தாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

“நீங்க ஒருநாள்கூடத் திரும்பக் கேக்கல்லியா?”

“இல்ல.”

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அது அவள் உரிமை.

கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்து நிமிர்த்தச் சொன்னேன். ஜெப்சி பதிவு ஒன்றும் செய்யவில்லை, சார்ஜ் தீர்ந்து கிடந்தது. அதை மின்சாரத்தில் மாட்டி, நான் சொன்னதை எழுதவைத்தேன். கடைப் பெயர், என் பெயர், மாதம், வருஷம் எல்லாம் போடச் சொன்னேன். “இவ்வளவும் வேணுமா அண்ணாச்சி?” என்று கிருஷ்ணமணி இரண்டு தடவை கேட்டார். வேண்டும் என்றேன்.

பிறகு அவர்கள் திரும்பவும் தங்கள் சண்டையைத் தொடங்கினார்கள். ரெஜிஷாவிடம் காசெட்டைத் திரும்ப வாங்கி, ஷிபு ஒரிஜினலின் ஐந்து பாட்டையும் முழுக்கப் போட்டார். நானும் கேட்டேன். முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

“கோவப்படாதீங்கோ அண்ணாச்சி. ஸ்பீடு செரியானாலும், அந்த மூணாவது பாட்டு எட்டு நிமிஷம் கொஞ்சம் ஓவருதான். கடைசிப் பாட்டுல புல்லாங்குழல் என்னத்துக்கு? ராக்ல புல்லாங்குழல்!”

“அதுதான் அழகு” என்றாள் ஜெப்சி.

“உனக்கு ‘ஆடிச்சாரல்’ ஆல்பத்துல வந்த வீணையே அழகுதானே.”

ஓட்டெடுத்தார்கள். நாலாவது ஆல்பமும் ‘மேற்கு வாசலு’ம் கடைசி இடத்துக்கு முட்டிக்கொண்டன. ரெஜிஷாவின் ஓட்டைக் கேட்டார்கள். அவள் யோசித்து, “அப்பாக்கே அந்த மூணாவது பாட்டு நீளம்னு தோணும்” என்றாள். ‘மேற்கு வாசல்’ கடைசி இடத்திலேயே நின்றது. பாட்டு மோசம் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான்தான் முதலிலேயே சொன்னேன்.

பட்டியல் வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. சபையில் நான்கு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: தம்பியின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அண்ணன் பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாராம், உபதேசியார் குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்குமாம். குவைத்திலும் இப்படியே பேசிக்கொள்கிறார்கள் என்று ரெஜிஷாவிடம் இருந்து செய்தி வந்தது. அதற்குமேல் ஒரு வரியும் அவள் எழுதவில்லை.

இது பொய். நான் யார் பழியையும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஜெயசிங் குடித்துவிட்டுப் பாடவில்லை. பெல்ட் நீண்டிருந்தது, போட்டவன் நான், அவன் வந்து சொன்னபோது கேட்காதவனும் நான். சந்தேகம் உள்ளவர்கள் மேலே பெயர் எழுதியிருக்கும் நாலு பேரையும் கேட்டுக்கொள்ளலாம்.